ரெண்டு பார்க் ரிட்டன்

தாம்பரம் கிழக்கு டிக்கெட் கவுன்ட்டரில் நூறு ரூபாயை நீட்டி, "ரெண்டு பார்க் ரிட்டன்" என்றேன். சீட்டுகளோடு அறுபது ரூபாய் மீதி வந்தது. போக 10, வர 10, ஆளுக்கு 20 ரூபாய். அக்கா மகள் இரண்டு சீட்டுகளையும் வாங்கி, தேதியைச் சரிபார்த்து, தன் பென்சில் பாக்ஸில் வைத்து மூடினாள். பதின்மூன்று வயது. பள்ளிக் கூடைப்பந்து அணியில் இரண்டு வருடமாக ஆடுகிறாள். ஒரு பெரிய ஆட்டத்தை நேரில் பார்த்ததில்லை.

அன்று 2022 ஏப்ரல் 10, ஞாயிற்றுக்கிழமை. ராமநவமி. ஸ்டேஷன் வாசலில் பந்தல் போட்டு பானகமும் நீர்மோரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள்தான் ஐபிஎல்லில் சென்னை அணி தொடர்ந்து நான்காவது ஆட்டத்தைத் தோற்றிருந்தது. மோர் வாங்க நின்றவர்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை இதே ஊரில், ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கில், 71வது தேசிய சீனியர் கூடைப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டங்கள் நடக்கப்போகின்றன என்பது அந்தப் பந்தலில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்தது போலத் தோன்றியது. எழுபதாவது போட்டி 2019 டிசம்பரில் லூதியானாவில் நடந்தது. அதன்பின் கொரோனா. இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு சென்னையில்தான் மறுபடி பந்து துள்ளியது. பெண்கள் பிரிவில் ரயில்வேயும் தெலங்கானாவும், ஆண்கள் பிரிவில் தமிழ்நாடும் பஞ்சாபும் இறுதிக்கு வந்திருந்தன.

சேலையூரிலிருந்து பெரியமேடு வரை போய் ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு வருவதற்கு என்ன பெரிய ஏற்பாடு வேண்டியிருக்கிறது என்று கேட்கலாம். புறநகரில் பெண் குழந்தை வளர்க்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். எந்த வண்டி, எங்கே சாப்பாடு, கழிப்பறைக்கு எங்கே போவாள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், கடைசி ஷேர் ஆட்டோ எப்போது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாததால்தான் எத்தனையோ பிள்ளைகள் தாங்கள் ஆடும் ஆட்டம் உண்மையில் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள். அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: "இருட்டினப்புறம் ரொம்ப நேரம் வேணாம்டா. நீ போன் எடுக்கணும், அவ்வளவுதான்." அதனால் சனிக்கிழமை இரவு நானும் அக்கா மகளும் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து உட்கார்ந்தோம்.

அவளுடைய பி.டி. சார் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்று, ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட வேண்டும், வார்ம்-அப் பார்க்க வேண்டும். இரண்டு, முதல்முறை பார்ப்பவர்கள் ரிங்குக்குப் பின்னால் உட்காரக் கூடாது, நடுக்கோட்டுக்கு நேரே, கொஞ்சம் உயரத்தில் உட்கார வேண்டும். கீழே உட்கார்ந்தால் பந்து மட்டும்தான் தெரியும், மேலே உட்கார்ந்தால் பந்து இல்லாத நான்கு பேர் என்ன செய்கிறார்கள் என்பது தெரியும் என்றாராம். விளையாட்டைப் பற்றி நான் கேட்ட மிக நல்ல அறிவுரைகளில் இது ஒன்று. தாளின் மேல்பக்கத்தில் அதைத்தான் முதலில் எழுதினோம். அதற்குக் கீழே: புளிசாதம் இரண்டு டப்பா, தண்ணீர் பாட்டில், ஏசிக்கு ஒரு சால்வை, மாஸ்க், போன் சார்ஜ்.

போகும் வழிக்கு இரண்டு யோசனைகள் இருந்தன. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி நேரே பார்க் ஸ்டேஷனில் இறங்குவது ஒன்று. திரிசூலத்தில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாக விமான நிலைய மெட்ரோவுக்குப் போய், சென்ட்ரல் வரை குளுகுளுவென்று போவது மற்றொன்று. 2019 பிப்ரவரியில் அண்ணாசாலைக்குக் கீழே சுரங்கப் பாதை முழுதும் திறந்தபிறகு இந்த இரண்டாவது வழி வசதியானதுதான். வெயில் நாளில் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் இரண்டு முறை டிக்கெட், இரண்டு முறை படியேறி இறங்குவது, கட்டணமும் பல மடங்கு. ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்கள் குறைவு, இடைவெளி கூடுதல். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு அரை மணி முன்னதாகவே கிளம்பினால் போதும். தாளில் "மின்சார ரயில்" என்று அக்கா மகள் எழுதி அடிக்கோடிட்டாள்.

ஸ்டேஷனுக்கு வரும் வழியில் அவள் பள்ளிக்கூடத்து மைதானத்தைக் கடந்துதான் வர வேண்டும். சிமென்ட் கோர்ட். ஒரு பக்க ரிங்கில் வலை இல்லை. மறுபக்க ரிங் முன்னால் சற்றுத் தலை குனிந்திருக்கும், அதனால் அந்தப் பக்கம் போடுகிறவர்கள் பந்தைப் பலகையில் அடித்துத்தான் போடுவார்கள். மழைக்காலத்தில் பாசி பிடிக்கும், சித்திரையில் கால் சுடும். தென்சென்னைப் புறநகரில் கூடைப்பந்து பெரும்பாலும் இப்படிப்பட்ட சிமென்டில்தான் வளர்ந்திருக்கிறது. ஸ்டேஷனுக்கு எதிரே, 1937ல் நகரத்தைவிட்டு இங்கே வந்த கிறிஸ்தவக் கல்லூரியின் மரங்களுக்கு நடுவே ஆடுகிறார்கள். பல்லாவரத்திலும் காட்டாங்குளத்தூரிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் ஆடுகிறார்கள். பள்ளி விட்ட பிறகு நாலரைக்குத் தொடங்கி வெளிச்சம் போகும்வரை ஆட்டம். பெண்கள் ஆறு மணிக்கே கிளம்பிவிட வேண்டும். பையன்கள் தெருவிளக்கில் தொடர்வார்கள்.

வண்டி நின்றிருந்தது. ஜன்னலோர இருக்கை கிடைத்தது.

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான இந்தப் பாதையில் 1931ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. என் அப்பா காலத்தில் மீட்டர் கேஜ். 2004ல்தான் அந்த வண்டிகள் நின்றன. இந்தப் பாதை இல்லாவிட்டால் தாம்பரம் இன்னும் செங்கற்பட்டுச் சீமையின் ஒரு சிற்றூராகவே இருந்திருக்கும். இந்தப் பாதையால்தான் நாங்கள் சென்னைக்காரர்கள். 2021 நவம்பரில் தாம்பரம் தனி மாநகராட்சியான பிறகும் பெரியவர்கள் ரயில் ஏறினால் "மெட்ராஸுக்குப் போறேன்" என்றுதான் சொல்கிறார்கள்.

சானடோரியம் தாண்டி குரோம்பேட்டை வந்தது. இந்த ஊருக்குப் பெயர் கொடுத்தது குரோம் லெதர் கம்பெனி. குரோமிய உப்பில் தோல் பதனிடும் ஆலை இங்கே இருந்தது. "பந்து செய்யறதுக்கா?" என்று அக்கா மகள் கேட்டாள். பந்துக்குத்தான் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கூடைப்பந்து நெடுங்காலம் தோலால்தான் செய்யப்பட்டது. பள்ளிகளில் ரப்பர் பந்து, பெரிய ஆட்டங்களில் இப்போது பெரும்பாலும் செயற்கைத் தோல். பிள்ளைகள் ரப்பர் பந்தில் பழகிவிட்டு, மாவட்டப் போட்டியில் முதல்முறை நல்ல பந்தைத் தொடும்போது விரல் நுனியில் ஒரு பிடிமானத்தை உணர்வார்கள். "அது கையிலேயே நிக்கும் மாமா" என்று அவள் சொல்லியிருக்கிறாள். நாங்கள் போய்க்கொண்டிருந்த பெரியமேடும் தோல் வியாபாரத்துக்குப் பேர்போன இடம்தான். தோலில் தொடங்கித் தோலில் முடியும் ரயில் பயணம்.

திரிசூலத்தில் ஒரு விமானம் தலைக்கு மேலே இறங்கியது. பரங்கிமலை, கிண்டி. சைதாப்பேட்டைக்கு முன்னால் அடையாற்றுப் பாலத்தில் வண்டி வேகம் குறைந்தபோது கிழக்கே கை காட்டினேன். ரயிலிலிருந்து தெரியாது, ஆனால் அந்தத் திசையில், ஆற்றங்கரையை ஒட்டி நந்தனத்தில் ஒய்எம்சிஏ உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. இந்தியாவில் பி.டி. சார் என்ற மனிதரை உருவாக்கிய இடம் அது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் இந்தப் பயணத்தை என்னால் எழுத முடியாது.

1891 டிசம்பர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு. வெளியே பனி. ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியருக்குக் கட்டுக்கடங்காத ஒரு வகுப்பை உள்ளேயே வைத்து விளையாட வைக்கும் பொறுப்பு வந்தது. பழக் கூடைகள் இரண்டை மேல்மாடக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டி, கால்பந்து ஒன்றைக் கொடுத்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். கூடைக்கு அடியில் ஓட்டை இல்லை, ஒவ்வொரு முறையும் ஏறிப் பந்தை எடுக்க வேண்டும். கூடை மாட்டிய உயரம் பத்தடி. இன்றைக்கும் அதே பத்தடிதான், 3.05 மீட்டர். அடுத்த வருடமே சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை ஸ்மித் கல்லூரியில் பெண்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். பிறந்து ஒரு வயது நிரம்பும் முன்பே பெண்கள் கைக்கு வந்த ஆட்டம் இது. ஆனால் ஒலிம்பிக்கில் ஆண்கள் 1936ல் ஆடத் தொடங்க, பெண்கள் 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், சென்னைக்கு வந்து 1920ல் இந்தக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு அவரும் போனார். 1943ல் சென்னையிலேயே இறந்தார். அவருடைய கல்லூரியில் படித்தவர்கள் தமிழ்நாட்டின் மூலைமுடுக்குப் பள்ளிகளுக்கெல்லாம் விசிலோடு போனார்கள். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு வெறும் மைதானத்தில், இரண்டு கம்பம் நட்டு ஒரு ரிங் மாட்டச் சொல்லித் தலைமையாசிரியரிடம் மன்றாடியிருப்பார்கள். அக்கா மகளின் குனிந்த ரிங்கும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். இதைச் சொன்னபோது அவள் பதில் பேசவில்லை. அடையாறு கடந்து போனபிறகும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மாம்பலத்தில் பண்டிகைக் கூட்டம் பைகளோடு இறங்கியது. நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர். பார்க்.

பார்க் ஸ்டேஷன் பெஞ்சில் புளிசாதத்தை முடித்தோம். இது தாளில் இருந்த திட்டம்தான்: அரங்குக்குள் சாப்பாடு விடுவார்களா என்று தெரியாது, வெளியே வாங்கினால் நேரம் போகும், பயணத்தின் கடைசி நிழலான இடம் ரயில்வே பிளாட்பாரம்தான். கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள், அமெரிக்காவில் தொழில்முறை லீக்கான என்பிஏ ஆட்டத்துக்கும் இப்படி ரயிலில்தான் போவார்களா என்று. போகிறார்கள். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கு பென் ஸ்டேஷனின் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பாஸ்டனிலும் அப்படியே, நார்த் ஸ்டேஷனுக்கு மேலே அரங்கு. ரயிலிலிருந்து இறங்கிப் படியேறினால் ஆட்டம். 2019 அக்டோபரில் என்பிஏ முதல்முறையாக இந்தியாவுக்கு வந்து மும்பையில் இரண்டு ஆட்டங்கள் ஆடியது, சேக்ரமென்டோ கிங்ஸும் இந்தியானா பேசர்ஸும். முதல் நாள் ஆட்டத்தை ஏறக்குறைய 3,000 பள்ளிப் பிள்ளைகளுக்காகவே வைத்தார்கள். அந்த வீடியோவை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். "அங்க போன பசங்கல்லாம் எந்த ஸ்கூல் மாமா?" என்று அப்போது கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை அன்று கிளப்பிக்கொண்டு வந்தது என்று சொல்லலாம்.

வெளியே வந்து சுரங்கப்பாதையில் சாலையைக் கடந்தோம். பார்க்கிலிருந்து அரங்கு நடக்கும் தூரம்தான். ஆட்டோ பிடிக்கத் தேவையில்லை, வெயில்தான் எதிரி. வலப்புறம் சென்ட்ரல், அதை ஒட்டித் தெற்கு ரயில்வேயின் கருங்கல் தலைமையகம். 1922ல் திறந்த கட்டடம், நாங்கள் போன 2022 டிசம்பரில் அதற்கு நூறு வயது. இடப்புறம் வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை. இரண்டுக்கும் நடுவில் மூர் மார்க்கெட் இருந்தது. 1985 மே மாதத்தில் எரிந்துபோனது. அந்த இடத்தில்தான் இன்று புறநகர் ரயில் நிலையம். என் அப்பா அங்கே பழைய புத்தகக் கடையில் எனக்கு வாங்கிக் கொடுத்த அட்லஸ் இன்னும் வீட்டில் இருக்கிறது.

ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருப்பது பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த இடம். 1956 முதல் 1965 வரை கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டங்கள் இங்கேதான் நடந்தன, சேப்பாக்கத்துக்குத் திரும்பிப் போகும்வரை. பிறகு அது புதிதாகக் கட்டப்பட்டு நேரு ஸ்டேடியம் ஆனது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னைக்கு வந்தபோது, பக்கத்திலேயே இந்த உள்ளரங்கைக் கட்டினார்கள். சுமார் 8,000 பேர் உட்காரலாம். தாம்பரம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு இந்த அரங்கு சினிமாப் பாட்டு வெளியீட்டு விழா நடக்கும் இடமாகத்தான் தெரியும். டிவியில் மேடையைப் பார்த்திருப்பார்கள். அந்த மேடைக்கு அடியில் மரத்தரை இருக்கிறது என்று தெரியாது.

உள்ளே நுழைந்ததும் அந்த மரத்தரைதான் முதலில் கண்ணில் பட்டது. அக்கா மகள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர், அவள் ஆடும் கோர்ட்டின் அளவேதான். "பெருசா இருக்கு மாமா" என்றாள். கோடுகள் அழியாமல், வலை கிழியாமல், ரிங் நேராக இருந்தால் அதே கோர்ட் பெரிதாகத் தெரிகிறது. அப்புறம் சத்தம். சிமென்டில் பந்து "டப் டப்" என்று காய்ந்த சத்தம் போடும். மரத்தில் அது ஆழமாக, உள்ளே ஏதோ அறை இருப்பது போல எழுகிறது. ஷூக்கள் திரும்பும்போது கிறீச்சென்ற சத்தம். இந்தச் சத்தம் எந்த போன் திரையிலும் வராது.

நடுக்கோட்டுக்கு நேரே, பன்னிரண்டாவது வரிசை. வார்ம்-அப் தொடங்கியது. பி.டி. சார் சொன்னது எவ்வளவு சரி! இரண்டு வரிசையாக நின்று, ஒருத்தி ஓடிவந்து கூடைக்கு அருகிலிருந்து லே-அப் போட, எதிர் வரிசைக்காரி பந்தை எடுத்து அடுத்தவளுக்கு வீச, யாரும் யாரையும் பார்க்காமல், ஒரு பந்துகூடத் தரையில் உருளாமல், கால் மணி நேரம். ஆட்டத்தில் ஒரு முறை நடப்பதை நூறு முறை செய்கிறார்கள். அக்கா மகள் விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். எதை எண்ணுகிறாள் என்று கேட்டேன். "இடது கையில போடறவங்களை. எல்லாருமே ரெண்டு கையிலயும் போடறாங்க." அவளுக்கு இடது கை லே-அப் வராது. சார் அதற்காகத் திட்டுவார்.

அப்போதுதான் ஸ்கோர் போர்டைப் பார்த்துவிட்டு அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"மாமா, தெலங்கானா ஓகே. ரயில்வேன்னா எந்த ஊரு?"

நான் இத்தனை வருடம் விளையாட்டுச் செய்தி படித்தும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. தமிழ்நாடு, கேரளம், பஞ்சாப், கர்நாடகம் என்று மாநிலங்கள் வரிசையாக ஆடும் போட்டியில் ரயில்வேயும் ஒரு மாநிலம் போல ஆடுகிறது. அதற்கு ஊர் கிடையாது. எல்லா ஊர்ப் பெண்களும் அதில் இருக்கிறார்கள். நன்றாக ஆடுகிறவர்களுக்கு ரயில்வே வேலை கொடுக்கிறது. டிக்கெட் பரிசோதகர், எழுத்தர் என்று ஏதாவது ஒரு பணி. காலையில் பயிற்சி, போட்டிக் காலத்தில் விடுப்பு, மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வூதியத்துக்குரிய அரசு வேலை. இந்தியாவில் பெண்களுக்குக் கூடைப்பந்தில் பெரிய தொழில்முறை லீக் ஒன்று வேரூன்றாத நிலையில், கல்லூரி முடித்த ஒரு பெண் தொடர்ந்து ஆட வேண்டுமானால் அவளுக்கு இருக்கும் மிகப் பெரிய கதவு இதுதான். ஆண்களுக்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமானவரித் துறை, சுங்கத் துறை, ஐ.சி.எஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை என்று சென்னையிலேயே பல அணிகள் இருந்திருக்கின்றன. பெண்களுக்கு அவ்வளவு இல்லை.

இதை அவளுக்கு அனிதா பால்துரை வழியாகச் சொன்னேன். சென்னைப் பெண். தெற்கு ரயில்வேயில் வேலை. பதினாறு பதினேழு வருடங்கள் இந்திய அணிக்கு ஆடினார், அணித் தலைவியாகவும் இருந்தார். தாயான பிறகு திரும்பி வந்து ஆடினார். 2017ல் பெங்களூரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் இந்தியா கஜகஸ்தானை வென்று மேல் பிரிவுக்கு ஏறியதே, அந்த அணியில் அவர் இருந்தார். 2021ல் பத்மஸ்ரீ. அதே தெற்கு ரயில்வேயில்தான் கேரளத்திலிருந்து வந்த கீது அன்னா ஜோஸும் இருந்தார். ஆறடி இரண்டு அங்குலம். ஆஸ்திரேலியாவில் ஒரு கிளப் அணிக்கு ஆடினார், 2011ல் அமெரிக்காவின் மகளிர் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ அணிகளின் தேர்வுக்குப் போய்வந்தார். 2009 செப்டம்பரில் மகளிர் ஆசியச் சாம்பியன்ஷிப் இதே அரங்கில் நடந்தபோது இருவரும் இந்தியாவுக்காக ஆடினார்கள். சீனா கோப்பையை வென்றது.

"இந்தத் தரையிலயா?"

"இந்த அரங்குலதான்."

"அவங்க ட்ரெயின்ல டிக்கெட் செக் பண்ணாங்களா?"

யார் எந்த நாற்காலியில் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது என்றேன். நாம் வந்த ரயிலின் கம்பெனிக்காரர்கள்தான் அவர்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் பென்சில் பாக்ஸைத் திறந்து ரிட்டன் டிக்கெட்டை ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

பெண்கள் இறுதி ஆட்டம் சமமாக இருக்கவில்லை. தெலங்கானா இறுதி வரை வந்ததே பெரிய விஷயம். ரயில்வே பெண்களின் ஆட்டத்தில் அவசரமே தெரியவில்லை. இருபத்து நான்கு நொடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிய வேண்டும் என்ற கடிகாரம் மேலே எரிந்துகொண்டே இருக்க, அவர்கள் பதினைந்து நொடி பந்தைக் கைமாற்றிக்கொண்டே போய், கடைசியில் யாரும் எதிர்பாராத ஒருத்தி கையில் அது சேரும்போது அவள் தனியாக நிற்பாள். மேலே உட்கார்ந்திருந்ததால் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தது. பந்து இருக்கும் பக்கம் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மறுபக்கம் ஒருத்தி இன்னொருத்திக்காகத் தடுப்பாகப் போய் நிற்பாள், சுவர் போல. அந்தச் சுவருக்குப் பின்னால் மூன்றாமவள் நழுவுவாள். கைதட்டல் எல்லாம் பந்து போட்டவளுக்கு. அந்தச் சுவர் ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பித் தன் பக்கம் ஓடிவிடும். "நான் அதுதான் மாமா எங்க டீம்ல" என்றாள் அக்கா மகள். இரண்டு வருடமாக அவள் எத்தனை பாயின்ட் போட்டாள் என்று மட்டுமே நான் கேட்டுவந்திருக்கிறேன். அவளுடைய வேலை இதுதான் என்று அன்றுதான் புரிந்தது.

ரயில்வே வென்றது. வித்தியாசம் பெரியது.

ஆண்கள் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அக்கா போன் செய்தாள். தாளில் நாங்கள் குறித்திருந்த வண்டியைப் பிடிக்க வேண்டுமானால் பாதி ஆட்டத்தில் எழ வேண்டும். நான் போனை அவளிடமே கொடுத்தேன். "அம்மா, தமிழ்நாடு ஃபைனல்ம்மா" என்று மட்டும் சொன்னாள். எதிர்முனையில் சிறிது நேரம் மௌனம். பிறகு என்னிடம் பேசிய அக்கா, "முடிச்சிட்டே வாங்க. ஸ்டேஷனுக்கு நான் ஸ்கூட்டியில வரேன்" என்றாள். பெரிய ஆட்டத்துக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு இதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்: திரும்பும் வண்டிக்கு ஒன்றுக்கு இரண்டாக, பிந்தைய வண்டியையும் சேர்த்தே எழுதி வையுங்கள். வீட்டில் இருப்பவரிடம் அந்த இரண்டாவது வண்டியையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூடைப்பந்தில் ஆட்ட நேரம் பத்துப் பத்து நிமிடமாக நாற்பதுதான், ஆனால் விசில் அடிக்கும்போதெல்லாம் கடிகாரம் நிற்கும். நாற்பது நிமிடம் சாதாரணமாக இரண்டு மணி நேரத்தை நெருங்கும்.

தமிழ்நாடு பஞ்சாபை வென்றது. சொந்த ஊரில், சொந்த மக்கள் முன்னால், கோப்பை. எங்களுக்கு முன்வரிசையில் கல்லூரிப் பையன்கள் பத்துப் பேர், யாருடைய கோர்ட்டில் இந்த அண்ணன்கள் சின்ன வயதில் ஆடினார்கள் என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டே பார்த்தார்கள். ஒவ்வொருவனும் தன் பேட்டையைச் சொன்னான். ஒரு முதியவர், பழைய ஆட்டக்காரராக இருக்க வேண்டும், முழங்காலில் பட்டை கட்டியிருந்தார், கடைசிக் கால்பகுதி முழுக்க எழுந்து நின்றே பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. கடைசி விசில் ஊதியபோது அக்கா மகள் கத்திய கத்தலில் அவர் திரும்பி, "எந்த ஸ்கூல்மா?" என்றார். சொன்னாள். "இடது கையில போடுவியா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள், ஆமாமா இல்லையா என்று தெரியாத மாதிரி. அவர் சிரித்துக்கொண்டே தன் இடது கையைத் தூக்கி, மணிக்கட்டை மட்டும் மடக்கிக் காட்டினார். ஒரே ஒரு முறை.

இரவில் ரிப்பன் மாளிகை விளக்கு வெளிச்சத்தில் பாலாக நின்றது. பார்க்கில் தாம்பரம் வண்டிக்குக் கூட்டம் இருந்தது, ஆனால் ஞாயிறு இரவுக் கூட்டம் பொறுமையானது. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள், மடியில் தூங்கும் குழந்தைகள், மலர்க் கூடைகள். மாம்பலம்வரை நின்றோம். பிறகு இடம் கிடைத்தது. அவள் தூங்கிவிடுவாள் என்று நினைத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது மணிக்கட்டை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். சைதாப்பேட்டைப் பாலத்தில் என் பக்கம் திரும்பாமலே கிழக்கே ஒரு முறை பார்த்தாள்.

தாம்பரம். மேம்பாலப் படிக்குக் கீழே இரண்டு டிக்கெட் பரிசோதகர்கள். அதில் ஒருவர் பெண், உயரமானவர், கறுப்புக் கோட்டு. அக்கா மகள் நேரே அவரிடம் போனாள். அவர் கேட்பதற்கு முன்பே பென்சில் பாக்ஸைத் திறந்து இரண்டு சீட்டுகளையும் நீட்டினாள். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவள் நகரவில்லை.

"அக்கா, நீங்க பாஸ்கெட்பாலா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"இல்லம்மா. நான் பரீட்சை எழுதி வந்தேன். எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க வாலிபால். ஏன், நீ ஆடுவியா?"

"ஆடுவேன்க்கா."

"எந்த பொசிஷன்?"

அவள் சொல்லத் தொடங்கினாள். பின்னால் இறங்கிய கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு படியேறியது. மேலே பாலத்தில் அக்கா நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள்.